சமம் என்று யார் சொன்னது?

சென்ற இதழில், இரண்டு மதிப்புகள் சமமா என்று நிரலில் கேட்கும் ‘==’ என்னும் இரட்டைச் சமக்குறியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். 26 ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். இந்தக் குறி தந்த தொல்லையை வேறு எந்தக் குறியும் எனக்குத் தந்ததில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா, நான் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி ஷார்ப் மொழியில் ஒரு செயலி எழுதி வருகிறேன். இரண்டு சரங்களை (எழுத்துத் தொடர்களை) ‘==’ போட்டு ஒப்பிட்டால் ஓரிடத்தில் சமம் என்கிறது. அதே இரண்டையும் எந்த வகைத் தரவுக்கும் பயன்படும் ஒரு பொதுவான மெத்தடுக்குள் (நிரல்துண்டுக்குள்) அனுப்பி ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கின்றன. கணினி ஏன் இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறது?
— மாணவர், உட்லண்ட்ஸ்

கணினி மாற்றிச் சொல்லவில்லை, தம்பி. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இரண்டு வேறு பதில்கள் வந்திருக்கின்றன.

‘படி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாடத்தைப் படி’ என்றால் ஒரு பொருள். ‘படியில் கால் வைத்தான்’ என்றால் வேறொன்று. ‘இரண்டு படி அரிசி’ என்றால் மூன்றாவது. நாம் யாரும் தடுமாறுவதில்லை. அக்கம்பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்து எந்தப் ‘படி’ என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்பதும் இதுதான். ‘+’ இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் கூட்டும். இரண்டு சரங்களுக்கு நடுவே நின்றால் ஒட்டும். ‘==’ குறிக்கும் அவ்வாறே பல பொருள் உண்டு. எந்தப் பொருளை எடுப்பது என்பதை, இருபுறமும் நிற்பவற்றின் வகைகளை (எண்ணா, சரமா என்பதை) பார்த்து, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் முடிவு செய்கிறது.

கம்பைலர் பார்ப்பது எந்த வகையை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது, மதிப்பைப் போட்டு வைக்கும் மாறியின் மேல் ஒட்டியிருக்கும் வகைச்சீட்டைப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் பண்டத்தைப் பார்ப்பதில்லை.

என் அப்பா தபால்காரராக இருந்தவர். 1995 செப்டம்பரில் சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு நான்கு இலக்கத்திலிருந்து ஆறு இலக்கத்துக்கு மாறியபோது, சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு புதிய எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகினார். ஒரு வட்டாரத்தைக் குறித்து வந்த எண், அதன்பின் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கத் தொடங்கியது. அங் மோ கியோ என்றால் 56இல் தொடங்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்காக இருந்தால் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். “உறைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கக்கூடாது. மேலே எழுதியிருப்பதுதான் எனக்குக் கணக்கு” என்பார். கம்பைலரும் அப்பாவைப் போலத்தான். உறையைப் பிரிக்காது.

உங்கள் நிரலுக்கு வருவோம். இரண்டு மாறிகளையும் ‘ஸ்டிரிங்’ (சரம்) என்று அறிவித்திருக்கும் இடத்தில், கம்பைலர் சரங்களுக்கான ‘==’ஐத் தேர்ந்தெடுக்கிறது. அது எழுத்து எழுத்தாக ஒப்பிடும். அதே சரங்களை, எதையும் வைக்கக்கூடிய ‘ஆப்ஜெக்ட்’ என்ற பொது வகையில் அறிவித்த மாறிகளில் வைத்தால், கம்பைலர் கண்ணுக்குத் தெரிவது ‘ஆப்ஜெக்ட்’ என்ற சீட்டு மட்டுமே. எனவே ஆப்ஜெக்டுக்கான ‘==’ஐ எடுக்கிறது. அது கேட்பது, ‘இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா?’ என்று. இந்தத் தேர்வு நிரல் ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஓடும்போது உள்ளே சரம் இருந்தாலும் முகவரி இருந்தாலும் அது மாறாது.

பொதுவான மெத்தடிலும் கதை இதுவே. ‘டி’ என்ற வகை எதுவாகவும் இருக்கலாம், கிளாஸாக (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சாக) மட்டும் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பீர்கள். அந்த மெத்தடைக் கம்பைல் செய்யும்போது ‘டி’ நாளைக்கு எதுவாக வரும் என்று கம்பைலருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் கிளாஸுக்கும் பொருந்துகிற இட ஒப்பீட்டையே பதித்துவிடுகிறது. பிறகு நீங்கள் ‘டி’ என்ற இடத்தில் ஸ்டிரிங்கைக் கொடுத்தாலும் பதிந்தது பதிந்ததுதான். கிளாஸ் என்ற கட்டுப்பாட்டை எழுதாமல் விட்டிருந்தால் அந்த வரியையே ஏற்க மறுத்திருக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சோதனைக்காக நிரலிலேயே “வணக்கம்” என்று இரண்டு இடத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், ஆப்ஜெக்ட் ஒப்பீடுகூடச் சமம் என்றே சொல்லும். நிரலில் நேரடியாக எழுதப்பட்ட ஒரே மாதிரியான சரங்களுக்கு மொழி ஒரே பிரதியைத்தான் வைத்துக்கொள்ளும் என்பதே காரணம். சோதனை பச்சை விளக்கு காட்டும். பயனாளர் விசைப்பலகையில் தட்டிய சரம் உள்ளே வரும் நாளில்தான் பிழை தலைகாட்டும்.

2017இல் இதே குழியில் நானும் விழுந்தேன். அப்போது பொருள்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். ‘முகவரி’ என்று ஒரு கிளாஸ். அதற்கு நானே ‘==’ எழுதினேன்: அஞ்சல் குறியீடும் வீட்டு எண்ணும் ஒன்றானால் முகவரி சமம். புளோக் எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரே எண்ணுள்ள புளோக் பிடோக்கிலும் இருக்கும், அங் மோ கியோவிலும் இருக்கும். அஞ்சல் குறியீட்டையும் மட்டும் நம்ப முடியாது. ஒரு புளோக்கில் நூறு வீடுகளுக்கு மேல் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கதவு. அதை அப்பாவிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதினேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், பட்டியலில் இரண்டு முறை வரும் முகவரிகளை நீக்குவதற்குக் குழுவில் ஒருவர் பொதுவான மெத்தட் ஒன்றை எழுதிச் சேர்த்தார். எந்தக் கிளாஸுக்கும் பயன்படும் ‘டி’ மெத்தட், நேர்த்தியான வேலை. மறுநாள் காலை, ஒரே வீட்டுக்கு இரண்டு பரிசுக்கூடைகள் போய்ச் சேர்ந்தன என்று தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. அன்றிரவு அலுவலகத்தில் உட்கார்ந்து, திரையில் இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு இலக்கமும் ஒன்று. வீட்டு எண்ணும் ஒன்று. எண்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏதும் இருக்குமோ என்றுகூடத் தேடினேன். கடைசியில், நிரல் அங்கே வந்ததும் நின்றுவிடும்படி, நான் எழுதிய ‘==’க்குள் ஒரு நிறுத்தப் புள்ளி வைத்து ஓடவிட்டேன். நிரல் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் முடிந்துபோனது. என் ‘==’ தவறான விடை சொல்லவில்லை; அதை யாரும் கேட்கவே இல்லை.

உங்களுக்கான தீர்வு இது. உள்ளே இருக்கும் பண்டத்திடம் கேட்க வேண்டுமானால் ‘ஈக்குவல்ஸ்’ மெத்தடைக் கூப்பிடுங்கள். அது விர்ச்சுவல் மெத்தட். யார் பதில் சொல்வது என்பது நிரல் ஓடும்போது உள்ளிருக்கும் ஆப்ஜெக்டைப் பார்த்து முடிவாகும். பொதுவான மெத்தடுக்குள் ‘ஈக்குவாலிட்டிகம்பேரர்’ கிளாஸின் ‘டிஃபால்ட்’ஐப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ‘==’ எழுதுகிற ஒவ்வொரு முறையும் ‘!=’ (சமமில்லையா என்பது), ‘ஈக்குவல்ஸ்’, ‘கெட்ஹேஷ்கோட்’ (தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஹேஷ் என்ற எண்ணைத் தருவது) மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். முதலாவது இல்லையென்றால் சி ஷார்ப் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். மற்ற இரண்டுக்கும் எச்சரிக்கை மட்டுமே தரும். ஒருபுறம் ஸ்டிரிங்கும் மறுபுறம் ஆப்ஜெக்டும் நின்றாலும் எச்சரிக்கும். இருபுறமும் ஆப்ஜெக்ட் என்றால் வாய் திறக்காது. கம்பைலரின் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

ஜாவாவில் இரண்டு ‘இன்டிஜர்’ (முழு எண்) மாறிகளில் 127 வைத்தால் ‘==’ சமம் என்கிறது. 128 வைத்தால் இல்லை என்கிறது. 128இல் அப்படி என்ன இருக்கிறது?
— வாசகர், ஜூரோங்

128இல் ஒன்றுமில்லை. ஜாவா ‘==’ குறிக்குப் புதுப் பொருள் கொடுக்கும் உரிமையை நிரலருக்குத் தரவில்லை. ஆப்ஜெக்டுகளுக்கு நடுவே நின்றால் அது எப்போதும் ‘ஒரே இடமா?’ என்றே கேட்கும். −128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா முன்கூட்டியே ஆப்ஜெக்டுகளைச் செய்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்துக் கொடுக்கிறது. 128க்கு வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு முறையும் புதியது.

தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. ‘நானும் தங்கையும் தேக்காவிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம்’ என்றால், ஒரே வண்டியில் அருகருகே உட்கார்ந்து வந்தோமா, ஆளுக்கொரு நேரத்தில் 67ஆம் எண் பஸ் பிடித்து வந்தோமா? ஜாவாவின் ‘==’ வண்டியைக் கேட்கிறது. ‘ஈக்குவல்ஸ்’ பஸ் எண்ணைக் கேட்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

பைத்தானில் இரண்டு கிளாஸ் எழுதியிருக்கிறேன்: ‘வெள்ளி’ (டாலர்), ‘பற்றுச்சீட்டு’ (வவுச்சர்). பற்றுச்சீட்டு(10) == வெள்ளி(10) என்றால் சமம் என்று வருகிறது. திருப்பி எழுதினால் சமமில்லை என்று வருகிறது. பைத்தான் இடதுபக்கத்தைக் கேட்கிறதா, வலதுபக்கத்தைக் கேட்கிறதா?
— வாசகி, தெம்பனிஸ்

இருவரையும் கேட்கும், ஆனால் வரிசையாக. நிரலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், நன்றி. பிழை ‘வெள்ளி’ கிளாஸின் கடைசி வரியில் இருக்கிறது.

பைத்தானில் மாறியின் வகைச்சீட்டைப் பார்க்கும் வேலை கிடையாது; மாறிகளுக்கு வகை அறிவிக்க வேண்டியதில்லை. எல்லாம் ஓடும்போதுதான். ‘அ == ஆ’ என்றால் முதலில் ‘அ’வின் கிளாஸில் உள்ள ‘__ஈக்யூ__’ மெத்தடைக் கூப்பிட்டு, ‘ஆ உனக்குச் சமமா?’ என்று கேட்கும். அது ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: ‘நாட்இம்ப்ளிமென்டட்’. ‘இவரை எனக்குத் தெரியாது, அவரையே கேளுங்கள்’ என்று அதற்குப் பொருள். அப்போது பைத்தான் ‘ஆ’விடம் போய் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும். அதுவும் தெரியாது என்றால், இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்த்துப் பதில் சொல்லிவிடும்.

உங்கள் ‘வெள்ளி’ கிளாஸ் என்ன செய்கிறது? எதிரில் நிற்பது இன்னொரு வெள்ளி இல்லையென்றால் உடனே ‘ஃபால்ஸ்’ என்று திருப்புகிறது. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலைப் பைத்தான் நம்பிவிடுகிறது. வெள்ளியோடு ஒப்பிடத் தெரிந்த பற்றுச்சீட்டைக் கேட்கும் வாய்ப்பே வராமல் போகிறது. ‘ஃபால்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘நாட்இம்ப்ளிமென்டட்’ என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே விடை வரும்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. வலப்பக்கத்தின் கிளாஸ் இடப்பக்கத்துக் கிளாஸிலிருந்து பிறந்ததாக இருந்தால், பைத்தான் வலப்பக்கத்தை முதலில் கேட்கும். பிள்ளைக்குத் தாயைத் தெரியும். எப்போதோ எழுதப்பட்ட தாய்க்கு, பின்னால் வரப்போகும் பிள்ளையின் கூடுதல் விவரங்கள் தெரிய வாய்ப்பில்லை. நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘__ஈக்யூ__’ மட்டும் எழுதி ‘__ஹேஷ்__’ எழுதாமல் விட்டால், பைத்தான் 3 அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்டுகளை ‘செட்’ என்ற தொகுப்புக்குள் போட அனுமதிக்காது. அது நல்லதற்கே. சமமான இரண்டுக்கு ஒரே ஹேஷ் இல்லையென்றால், போட்டு வைத்ததைத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. பத்து வெள்ளிப் பற்றுச்சீட்டும் பத்து வெள்ளி நோட்டும் சமமா? என் அம்மாவின் கைப்பையில் இரண்டும் இருக்கும். அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டை ஈரச்சந்தையில் காட்டி மீன் வாங்கலாம். அதைக் காசாக மாற்ற முடியாது. மதிப்பு ஒன்று, பயன் வேறு. நானாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ‘==’ வைக்காமல், ‘பற்றுச்சீட்டின் மதிப்பு == வெள்ளியின் மதிப்பு’ என்று எண்களையே ஒப்பிட்டிருப்பேன். அப்போது நிரலைப் படிப்பவருக்கும் எதை ஒப்பிடுகிறோம் என்று தெரியும்.

நான் தமிழாசிரியை. மாணவர்களுக்காகச் சொல் விளையாட்டு ஒன்றை நானே நிரல் எழுதிச் செய்திருக்கிறேன். ஒரு மாணவி ‘கொடி’ என்று சரியாகத் தட்டினாள். தவறு என்று வந்தது. அவள் முகம் வாடிவிட்டது. திரையில் இரண்டு ‘கொடி’யும் ஒன்றாகவே இருக்கின்றன.
— ஆசிரியை, ஈசூன்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லுங்கள், அவள் எழுதியது சரி.

இங்கே ‘==’ தேர்வில் பிழை இல்லை. இரண்டும் சரம், சரத்துக்கான ஒப்பீடே நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான மொழிகளில் சரங்களின் சமம் என்பது, யூனிகோட் என்ற தரம் எழுத்துக்குறிகளுக்குத் தந்திருக்கும் எண்களின் சமம்தான். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம். ‘க’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒற்றைக் குறியை வைக்கலாம். அப்போது இரண்டு எண்கள். அல்லது ‘க’வுக்குப் பின் ஒற்றைக்கொம்பு, அதன்பின் கால் என்று தனித்தனியே வைக்கலாம், அப்போது மூன்று எண்கள். திரையில் வரைந்தால் ஒரே உருவம். ‘கோ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே நிலைதான். எந்த வழியில் சேமிக்கப்படும் என்பது தட்டச்சு செய்யும் மென்பொருளைப் பொறுத்தது.

இரண்டு வழியும் ஒன்றே என்று யூனிகோட் தரமே ஏற்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் இரு சரங்களையும் ‘என்எஃப்சி’ என்ற இயல்பாக்கத்துக்கு (ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு) உட்படுத்துங்கள். பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுதியில் ‘நார்மலைஸ்’ இருக்கிறது. ஒரு வரி வேலை. ஸ்விஃப்ட் மொழியில் அதுகூட வேண்டாம். அதன் சரங்களுக்கான ‘==’ இந்தச் சமத்தைத் தானே கவனித்துக்கொள்கிறது. தமிழ் எழுதுகிறவள் என்ற முறையில் அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றும் உண்டு. ‘ஔவை’ என்று எழுத ‘ஔ’ என்ற உயிரெழுத்து இருக்க, பலர் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். யூனிகோடுக்கு அது ஒகரமும் ளகரமும். ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ என்று மாற்றச் சொன்னால் ‘ஒளி’யும் உருமாறிக் கெட்டுவிடும். எனவே அந்த ஒரு சில சொற்களுக்கு மட்டும் இரண்டு வடிவத்தையும் விடையாக நீங்களே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பழைய சி பிளஸ் பிளஸ் நிரலை 17ஆம் பதிப்பிலிருந்து 20க்கு மாற்றினோம். ஒரு வரியும் தொடவில்லை. ஓரிடத்தில் ‘==’ தெளிவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. இன்னோரிடத்தில் நிரல் தன்னைத்தானே முடிவில்லாமல் கூப்பிட்டுக்கொண்டு விழுந்துவிடுகிறது.
— பொறியாளர், செங்காங்

20ஆம் பதிப்பு ‘==’க்கான விதியையே மாற்றியது. அதுவரை ‘அ == ஆ’ என்று எழுதினால், அந்த வரிசையில் பொருந்தும் ஃபங்ஷன்களை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டுகளை) மட்டுமே கம்பைலர் தேடும். ‘பெட்டி’ என்று ஒரு கிளாஸ் இருந்து, ‘பெட்டி == எண்’, ‘எண் == பெட்டி’ இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் எழுத வேண்டும்; ‘!=’க்கு இன்னும் இரண்டு. 20இலிருந்து கம்பைலரே ‘ஆ == அ’ என்று திருப்பியும் பார்க்கிறது. ‘அ != ஆ’வை, ‘அ == ஆ’வின் எதிர்ப்பதிலாக எடுத்துக்கொள்கிறது. எழுதும் வேலை குறைந்தது. ஆனால் போட்டிக்கு வரும் வேட்பாளர்கள் கூடிவிட்டார்கள்.

உங்கள் முதல் சிக்கலில், கிளாஸுக்குள் எழுதிய ‘==’இன் கடைசியில் ‘கான்ஸ்ட்’ (இடப்பக்கத்தை மாற்றமாட்டேன் என்ற உறுதி) விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இடப்பக்கம் மாற்றத்தக்கது, வலப்பக்கம் மாற்றக்கூடாதது என்று ஒரு சாய்வு வந்துவிடுகிறது. நேராக வைத்தால் இடப்பக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. திருப்பி வைத்தால் வலப்பக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆளுக்கொரு பக்கம் வென்றால் வெற்றியாளர் இல்லை. ‘கான்ஸ்ட்’ சேருங்கள், சாய்வு போய்விடும். இரு வழியும் ஒன்றுபோலப் பொருந்தினால் நேர் வரிசைக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது.

இரண்டாவது சிக்கலில் ‘எண் == பெட்டி’ என்ற ஃபங்ஷனுக்குள், வேலையைத் தள்ளிவிடுவதற்காக ‘பெட்டி == எண்’ என்று எழுதியிருப்பீர்கள். முன்பு அது எண்ணைப் பெட்டியாக மாற்றிப் பெட்டியின் சொந்த ‘==’க்குப் போனது. இப்போது திருப்பிப் பார்க்கும்போது, எந்த மாற்றமும் தேவைப்படாமல் கச்சிதமாகப் பொருந்துவது யார்? அதே ஃபங்ஷன்தான். அது தன்னையே கூப்பிடுகிறது, முடிவே இல்லை. அந்த ஃபங்ஷனை அழித்துவிடுங்கள். அது செய்த வேலையை இப்போது மொழியே செய்கிறது.

இத்தகைய பழைய நிரல்கள் நிறைய உடைந்ததால், 2022இல் தரக்குழு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ‘==’ஓடு அதற்கு இணையான ‘!=’ஐயும் நீங்களே எழுதியிருந்தால், அந்த ‘==’ஐக் கம்பைலர் திருப்பிப் பார்க்காது. புதிய கம்பைலர் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். ஆனாலும் நிரலைச் சரிசெய்வதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எந்த மொழிதான் இதைச் சரியாகச் செய்திருக்கிறது?
— வாசகர், புக்கிட் பாஞ்சாங்

என் மனத்துக்குப் பிடித்தது கோட்லின். அங்கே ‘==’ என்றால் எப்போதும் உள்ளடக்கத்தின் ‘ஈக்குவல்ஸ்’; இடப்பக்கம் வெற்றாக இருந்தாலும் விழாது. ஒரே ஆப்ஜெக்டா என்று கேட்க ‘===’ என்று தனிக்குறி. ஹாஸ்கெல் வேறொரு வழியில் போனது. 1989இல் பிலிப் வாட்லர், ஸ்டீபன் பிளாட் இருவரும் முன்வைத்த வகைக்கிளாஸ் முறைப்படி, சமம் பார்க்கத் தெரியாத வகைக்கு ‘==’ போட்டால் நிரல் கம்பைல் ஆகவே ஆகாது. பொதுவான ஃபங்ஷனுக்குள் போனாலும் அந்த வகைக்குரிய ‘==’ கூடவே போகும். உட்லண்ட்ஸ் தம்பிக்கு அங்கே இந்தச் சிக்கல் வந்திருக்காது.

கோவில் அன்னதானத் தொண்டூழியர் பட்டியலைக் கணினியில் வைத்திருக்கிறேன். ‘முருகன் த/பெ வேலு’, ‘வே. முருகன்’, ‘முருகன் வேலு’ மூன்றும் ஒருவரே. ‘பெயர்’ கிளாஸுக்கு ‘==’ எழுதி மூன்றையும் சமமாக்கிவிடலாமா?
— தொண்டூழியர், சிராங்கூன் சாலை

வேண்டாம் ஐயா. உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. நம் பெயர்கள் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் திருமண அழைப்பிதழில் இன்னொரு விதமாகவும் இருக்கும். ஆனால் ‘வே. முருகன்’ என்பதை ‘முருகன் த/பெ வேலு’வுக்குச் சமம் என்று சொன்னால், அதே நியாயப்படி ‘முருகன் த/பெ வேணு’வுக்கும் அது சமம்தான். அப்படியானால் வேலுவின் மகனும் வேணுவின் மகனும் ஒருவரா? ‘அ’வும் ‘ஆ’வும் சமம், ‘ஆ’வும் ‘இ’யும் சமம் என்றால் ‘அ’வும் ‘இ’யும் சமமாக வேண்டும் என்று நம்பித்தான் ‘செட்’, ‘டிக்ஷனரி’ எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த நம்பிக்கையை உங்கள் ‘==’ காப்பாற்றாவிட்டால், பட்டியலில் யார் நிலைப்பார், யார் காணாமல் போவார் என்பது பெயர்கள் வந்த வரிசையைப் பொறுத்து மாறும். ஒரு முருகன் காலை நான்கு மணிக்குக் காய்கறி நறுக்க வந்து நிற்பார். அவர் பெயர் பட்டியலில் இருக்காது.

அடையாள அட்டை எண்ணை வைத்து ஒப்பிடலாமே என்று யாராவது சொல்வார்கள். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, சட்டம் கேட்டாலோ ஆளைத் துல்லியமாக உறுதிப்படுத்தியே ஆகவேண்டிய நிலை இருந்தாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணை வாங்கி வைக்கக்கூடாது. அன்னதானத்துக்கு அது தேவையில்லை. பதிவு செய்யும்போது உங்கள் பட்டியலுக்கென்று ஒரு தொண்டூழியர் எண் கொடுத்துவிடுங்கள்; ‘==’ அந்த எண்ணை மட்டும் ஒப்பிடட்டும்.

பெயர்களுக்கு ‘ஒருவராக_இருக்கலாம்’ என்று தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பைத்தான் தமிழ்ப் பெயரையும் ஏற்கும். அது கண்டுபிடிக்கும் இணைகளைத் தாளில் அச்சிட்டு, பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கொடுங்கள். அப்பா பெயர் வேலுவா, வேணுவா என்று அவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.